துண்டு எடுக்கும் இடத்தில் என்ன சொல்வது?

கேள்வி: எனக்கு வயது 31. மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் ஊர். வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போய் நான்கு வருடம் இருந்துவிட்டுப் போன வருடம் திரும்பி வந்தேன். பிள்ளைகள் இரண்டு பேர். சின்னவள் நான் போகும்போது கைப்பிள்ளை. அவள் என் அம்மாவைத்தான் ‘அம்மா’ என்று கூப்பிடுகிறாள், என்னைக் ‘குவைத் அம்மா’ என்கிறாள். வந்ததிலிருந்து நித்திரை இல்லை. திடீரென்று நெஞ்சு அடிக்கும், மூச்சு முட்டும், விரல்கள் விறைக்கும். மூன்று முறை ஈசிஜி எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார்கள். மாமி வீட்டில் சூனியம் என்று சொல்லி, கட்டாடியாரிடம் நூல் ஓதிக் கட்டியும் ஆயிற்று. பக்கத்து வீட்டு அக்கா தன் நித்திரைக் குளிசையில் பாதி தருகிறா. அதைப் போட்டால் கொஞ்சம் கண் மூடும். சில பின்னேரங்களில் ஆற்றங்கரைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்தபடி நின்றுவிடுகிறேன். ஏன் நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. காசு கொடுக்காமல், முன்கூட்டிப் பதியாமல், நேரே போய்க் கதைக்கக்கூடிய இடம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். உண்மையா? எங்கள் ஆஸ்பத்திரியில் என் சின்னம்மா வேலை செய்கிறா. அவவுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். கடிதம் வேண்டுமா? பெயர் சொல்ல வேண்டுமா? பிடித்து வைத்துக்கொள்வார்களா? திரும்ப வெளிநாடு போக முடியாமல் போகுமா? போனால் என்ன சொல்லித் தொடங்குவது?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். காசு கொடுக்காமல், யாருடைய சிபாரிசுக் கடிதமும் இல்லாமல், நீங்களாகவே நடந்து போய்க் கதைக்கக்கூடிய இடங்கள் நமது மட்டக்களப்பு மாவட்டத்திலும் பக்கத்து அம்பாறை மாவட்டத்திலும் இருக்கின்றன. எங்கே, எப்படி என்பதை விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன்னர், உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவே போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த ஆற்றங்கரை விடயத்தைப் பற்றி உங்களுடன் நேரடியாகக் கதைக்க வேண்டும்.

தண்ணீரைப் பார்த்து நிற்கும் அந்த நேரங்களில், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? இதை இப்படி வெளிப்படையாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோம் என்று நம்மவர்கள் பயப்படுவார்கள். துன்பத்தைக் கேட்டுத் துணைநிற்கும் உளவளத்துணையாளராக என் அனுபவத்தில், கேட்கப்பட்டவர் பெரும்பாலும் பெருமூச்சு விட்டு, ‘ஓம், வருகிறதுதான்’ என்று சொல்லி அழுவார். அந்த அழுகையோடு பாரத்தில் ஒரு பங்கு இறங்கிவிடும். உங்களுக்கும் பதில் ‘ஓம்’ என்றால், கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பகலோ இரவோ எந்த அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் போய், ‘உயிரை விடும் எண்ணம் வருகிறது’ என்று சொன்னால் போதும். நெஞ்சு வலிக்கு எப்படியோ அப்படித்தான் இதுவும் அவசரம். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வீட்டை விட்டு வெளியே போகவே முடியாத இரவென்றால் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. தேசிய மனநல நிறுவகம் நடத்தும் அந்தத் தொலைபேசிச் சேவை 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை. எடுத்தவுடன் தமிழில் கதைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். 1333 என்பதும் இதே போன்ற இலவச இலக்கம். இந்த இரண்டு இலக்கங்களிலும் உங்கள் பெயரைச் சொல்லாமலேயே கதைக்கலாம்.

இன்னொன்றையும் இன்றே செய்யுங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல் வீட்டிலோ கொட்டிலிலோ இருந்தால், அதை வேறொருவர் பொறுப்பில், உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். நித்திரைக் குளிசைகளையும் சேமித்து வைக்க வேண்டாம். அப்படிச் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம், ஆனால் இது வெறும் பேச்சுக்காகச் சொல்லும் முன்னெச்சரிக்கை அல்ல. 1995ஆம் ஆண்டளவில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமாக நிகழ்ந்த நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர். கடும் நச்சுள்ள பூச்சிகொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட, அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. மக்களின் துயரம் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பொல்லாத அரைமணி நேரத்தில் கைக்கு எட்டியது உயிரை எடுக்கக்கூடியதாக இல்லாமற் போனதே பெரிய காரணம். அந்த அரைமணி கடந்து போகும் தன்மையுடையது. பொலிஸ் வழக்கு வரும் என்ற பயமும் பலரை வாய் திறக்க விடுவதில்லை. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக வைத்திருந்த சட்டப்பிரிவு 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே உங்கள் மனதில் உள்ளதைச் சொல்வதால் யாரும் உங்கள்மீது வழக்குப் போட முடியாது.

இனி, எங்கே போவது என்பதற்கு வருகிறேன்.

உங்கள் சின்னம்மா வேலை செய்யும் வைத்தியசாலைக்கு நீங்கள் போகத் தேவையே இல்லை. இந்த ஊரார் இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும் என்று எல்லை எதுவும் கிடையாது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகளிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை அம்பாறை மாவட்டத்தில் இருந்தாலும் நம் தென் பகுதி மக்கள் பலர் அங்கேதான் போகிறார்கள். மாவட்டம் மாறி வந்தீர்களே என்று அங்கு ஒருவரும் கேட்பதில்லை. நீங்கள் படுவான்கரையில் எந்தப் பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். அதை இங்கே அச்சில் தவிர்த்துவிட்டேன். அங்கிருந்து 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தால் பஸ்ஸில் வந்துவிடலாம். ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் ஏறி ஆற்றைக் கடந்து, அந்தப் பாதை எப்போது வரும் என்று கரையில் நோயாளியோடு காத்திருந்த காலத்தை நான் கண்டவள் என்பதால், இந்தப் பாலத்தை ஒரு வைத்திய வசதியாகவே எண்ணுகிறேன்.

வைத்தியசாலை என்ற சொல்லே உங்களை நடுங்க வைத்தால் இன்னொரு வாசல் இருக்கிறது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கென்றே உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். முதியோர் கொடுப்பனவுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் வேறு நூறு அலுவல்களுக்கும் மக்கள் நாள்முழுக்க ஏறி இறங்கும் கட்டடம் அது. நீங்கள் அங்கே போவதைக் கண்டு யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அந்த உத்தியோகத்தர்கள் வெளிக்களப் பணிக்கும் போகிறவர்கள் என்பதால், எந்த நாட்களில் அலுவலகத்தில் இருப்பார்கள் என்று மட்டும் முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களிடம் போய்க் கதைக்க முன்பதிவோ கட்டணமோ இல்லை. குளிசை தேவைப்படும் என்று அவர்களுக்குத் தோன்றினால் அவர்களே உங்களை வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். சிலர் கூடவே வருவதும் உண்டு.

உங்களுடைய நிலையில் நான் வைத்தியசாலையையே முதலில் சொல்வேன். காரணம், நெஞ்சடிப்புக்கும் நித்திரையின்மைக்கும் தைரொயிட் சுரப்பியின் கோளாறு, இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு போன்றவையும் காரணமாக இருக்கலாம். மூன்று ஈசிஜி எடுத்தது நல்லது, ஆனால் இரத்தச் சோதனை செய்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. மனநலப் பிரிவில் இருப்பவரும் ஒரு வைத்தியர்தான். அதையும் அவரே எழுதித் தருவார்.

இப்போது, உங்களை மிகவும் வாட்டுவது என்று நான் ஊகிக்கும் இடத்துக்கு வருகிறேன்: வைத்தியசாலையில் பதிவுத் துண்டு எடுக்கும் அந்த யன்னல். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்க, உள்ளே இருப்பவர் ‘என்ன வருத்தம்?’ என்று உரத்துக் கேட்பார். அங்கே மட்டும் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் மனம் நோகும். அந்த யன்னலில் உங்கள் கதையைச் சொல்ல வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை. ‘நித்திரை இல்லை, நெஞ்சு படபடப்பு’ என்று சொல்லுங்கள், அது முழு உண்மை. சில வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுக்கே நேரே போய்ப் பதியலாம். சில இடங்களில் முதலில் வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து, அங்கிருக்கும் வைத்தியர் ஒரு தாளில் எழுதி உள்ளே அனுப்புவார். அப்படியானால் அந்த வைத்தியரிடம் இரண்டாவது வசனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘மனநல வைத்தியரைக் காண வேண்டும்.’ இந்த இரண்டு வசனங்களுக்கு மேல் அங்கே நீங்கள் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்டால், ‘உள்ளே சொல்கிறேன்’ என்று பதில் சொல்லலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

அடையாள அட்டையையும், ஈசிஜி எடுத்த தாள்களையும், அக்கா தந்த குளிசையின் பெயர் தெரியும்படி அதன் வெற்று அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். அடையாள அட்டை இல்லை என்பதற்காகப் போகாமல் இருந்துவிட வேண்டாம். காலையில் நேரத்தோடு போங்கள். பத்து மணிக்குப் பிறகு கூட்டம் கூடிவிடும், மத்தியானத்துக்குப் பின் பல கிளினிக்குகள் முடிந்துவிடும். கிளினிக் நாட்கள் வைத்தியசாலைக்கு வைத்தியசாலை வேறுபடுவதால், உங்கள் சின்னம்மாவுக்குத் தெரியாத யாரையாவது கொண்டு ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இலவசம் என்று நாம் சொல்லும்போது பஸ் காசையும், ஒரு நாள் கூலியையும், பாடசாலை விட்டு வரும் பிள்ளையைக் கூட்டிவர ஆள் தேடும் சிரமத்தையும் கணக்கில் எடுப்பதில்லை. உங்களுக்கு அது எவ்வளவு பெரிய செலவு என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஒரே நாளில் வைத்தியரையும் உளவளத்துணையாளரையும் கண்டு வரும்படியாகப் போங்கள் என்று சொல்கிறேன்; போனவுடனேயே இரண்டு பேரையும் காண வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கும்? வைத்தியர் பத்துப் பதினைந்து நிமிடம் கேள்வி கேட்பார்: எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, சாப்பாடு எப்படி, யாருடைய குரலாவது கேட்கிறதா, உயிரை விடும் எண்ணம் வருகிறதா. குரல் கேட்கிறதா என்று கேட்பதால் உங்களைப் பைத்தியம் என்று நினைக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். எல்லோரிடமும் கேட்கும் கேள்வி அது. உளவளத்துணையாளரிடம் நேரம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அவர் குளிசை எழுதமாட்டார், புத்தி சொல்லவும் மாட்டார். ‘புருசனோடு அனுசரித்துப் போ’, ‘பிள்ளைகளை நினைத்துக்கொள்’ என்று சொல்ல நமக்கு ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. அதையே சொல்வதற்கு ஒருவரைப் படிப்பித்து அரசாங்கம் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை. அவருடைய வேலை, நீங்கள் சொல்வதை முழுமையாகக் கேட்டு, குழம்பிக் கிடக்கும் நூலில் எந்த முனையை முதலில் இழுப்பது என்று உங்களோடு சேர்ந்து பார்ப்பது. அப்படி இல்லாமல் உங்களைக் கண்டித்துப் பேசுபவராகவோ, கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே ‘ம்’ போடுபவராகவோ ஒருவர் வாய்த்துவிட்டால், அவரோடு உங்கள் முயற்சி முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அடுத்த முறை வேறொருவரைக் கேளுங்கள். என் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் நன்றாகச் செய்கிறார்கள் என்று உங்களிடம் பொய் சொல்ல எனக்கு மனம் இல்லை.

பெயர் சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். கிளினிக்கில் சொல்லத்தான் வேண்டும். குளிசை கொடுப்பவர்கள் யாருக்குக் கொடுக்கிறோம் என்று அறிந்திருக்க வேண்டும். உங்களுக்கு ஒரு கொப்பியும் தருவார்கள். அந்தக் கொப்பி உங்கள் கையில்தான் இருக்கும். ஊராரின் கண் படாமல் எங்கே வைப்பது என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வதைக் கிராம சேவகருக்கோ, பிள்ளைகளின் பாடசாலைக்கோ, கணவர் வீட்டுக்கோ அறிவிக்கும் வழக்கம் கிடையாது. உங்கள் சின்னம்மாவைப் போல வைத்தியசாலையில் வேலை செய்பவர்களும் நோயாளியின் விடயத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதே விதி; விதி எல்லா நாக்கையும் கட்டிவிடாது என்பதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன், அதனால்தான் வேறு வைத்தியசாலையைச் சொன்னேன். இரகசியத்துக்கு விலக்கான சில இடங்களும் உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து இருந்தாலும், ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுவது தெரியவந்தாலும், நீதிமன்றம் கேட்டாலும் நாங்கள் வாய்மூடி இருக்க முடியாது. அப்போதுகூட முதலில் உங்களிடம் சொல்லிவிட்டே செய்வது எங்கள் கடமை. கதைக்கத் தொடங்குமுன் ‘நான் சொல்வது யாருக்குப் போகும்?’ என்று நீங்களே கேளுங்கள். நல்ல உளவளத்துணையாளர் அந்தக் கேள்வியை விரும்புவார்.

வெளிநாட்டுக்குத் திரும்பப் போவது பற்றி: கிளினிக்கிலிருந்து வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு உங்கள் விபரம் போவதில்லை. போகும் முன்னர் நடக்கும் வைத்தியப் பரிசோதனையில் உங்களிடம் நேரே கேட்பது வேறு விடயம். ஆனால் இப்போது இருக்கும் நிலையில், நித்திரை இல்லாத உடம்போடு இன்னொரு வீட்டின் நான்கு சுவருக்குள் போய் அடைபட நீங்கள் அவசரப்பட வேண்டாம் என்று ஓர் அக்காவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பிடித்து வைத்துக்கொள்வார்களா என்ற பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்குகிறது. நம் பெற்றோர் காலத்தில் மனநோய் என்றால் கொழும்புப் பக்கம், அங்கொடை மனநோய் வைத்தியசாலைக்கு. போனவர் எப்போது வருவார் என்று தெரியாது, பாஷையும் தெரியாது. ‘அங்கொடைக்கு அனுப்பவேண்டிய ஆள்’ என்பது இன்றும் நம் சண்டைகளில் ஏச்சாக வருகிறது. இந்த நாட்டின் மனநோய்ச் சட்டம் 1873ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. அந்தக் காலத்தின் நினைப்பு, ஆளைப் பூட்டி வைப்பதுதான். ஆனால் நடைமுறை அங்கே நின்றுவிடவில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டி மட்டக்களப்புக்கு வந்த உளமருத்துவ நிபுணர் மகேசன் கணேசன் போன்றவர்களின் உழைப்பால், நோயாளியைத் தூரத்துக்கு அனுப்பாமல் அவருடைய வீட்டுக்கு அருகிலேயே பராமரிக்கும் முறை இங்கு வேரூன்றியது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அந்த வேரின் பெறுமதியை நாங்கள் கண்ணாரக் கண்டோம். நான் இந்த வேலைக்கு வந்ததும் அந்த நாட்களில்தான். முகாமில் ஒரு மரத்தடியில் பாயை விரித்து, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரின் அருகில் பேசாமல் உட்கார்ந்திருப்பதே முதல் மாதத்தில் நான் செய்த வேலை. இன்று கிளினிக்குக்கு வருபவர்களில் மிகப் பெரும்பாலானோர் வந்த அன்றே வீடு திரும்புகிறார்கள். தங்கிச் சிகிச்சை பெற வேண்டியவர்கள் சிலர்தான். அவர்களும் சில நாட்களிலோ கிழமைகளிலோ வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதவரை, நீங்கள் எழுந்து ‘நான் போய்ட்டு வாறேன்’ என்றால் உங்களை யாரும் கதவடைத்து நிறுத்தப் போவதில்லை.

குளிசை பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. அக்கா நல்ல மனதோடுதான் தருகிறா. ஆனால் நித்திரைக் குளிசைகளில் பெரும்பாலானவை சில கிழமைகளிலேயே உடம்பைப் பழக்கிவிடும். பிறகு பாதி போதாது, முழுசு வேண்டும், நிறுத்தினால் முன்பை விட மோசமாக நித்திரை கெடும். எத்தனை கிழமையாகப் போடுகிறீர்கள் என்று வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். வைத்தியர் மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ குளிசை எழுதினால் அது வேறு வகை. அந்த வகைக் குளிசைகளுக்கு உடம்பு அடிமைப்படுவதில்லை; ஆனால் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். நான்காம் நாள் ‘இது சரிவராது’ என்று நிறுத்துவதும், சுகம் வந்த மறுகிழமை நிறுத்துவதும்தான் நான் அடிக்கடி காணும் இரண்டு தவறுகள். எல்லோருக்கும் குளிசை எழுதப்படுவதும் இல்லை. கதைத்தே தீரும் துன்பங்களும் உண்டு.

அந்த நெஞ்சடிப்பு வரும்போது உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதியாகும். ஆபத்து வந்ததாக உடம்பு தவறாக எண்ணி ஓடத் தயாராகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு அவசரப்படுகிறது. அவசர மூச்சினால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைய, விரல் நுனிகள் விறைக்கின்றன, தலை சுற்றுகிறது, அதைக் கண்டு பயம் இன்னும் கூடுகிறது. பெரும்பாலும் பத்து நிமிடங்களில் உச்சிக்குப் போய்த் தானாகவே இறங்கிவிடும். அந்த நேரம் இருந்த இடத்தில் உட்கார்ந்து, மூச்சை நான்கு எண்ணும்வரை உள்ளே எடுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளியே விடுங்கள். வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். ஒரு வேலையும் இல்லாத அமைதியான நேரத்தில் சில நாட்கள் பழகி வைத்தால்தான் அவசரத்தில் கைகொடுக்கும்.

கட்டாடியார் கட்டிய நூலை அவிழ்த்துவிட்டுத்தான் வர வேண்டுமோ என்று நினைத்திருந்தால், வேண்டாம். நூலோடு வாருங்கள், யாரும் அறுக்கமாட்டார்கள். வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடும்போது உங்கள் மனம் ஆறுமென்றால் அதற்கும் போங்கள். எரியும் மனதைக் குளிர வைக்க வேண்டும் என்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள் என்பதில் எனக்கு மரியாதை உண்டு. நான் எதிர்ப்பது இரண்டை மட்டும்தான்: உங்களைக் கட்டி வைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது போன்றவை ஒன்று; மடைக்கும் பரிகாரத்துக்கும் என்று வெளிநாட்டில் உழைத்த மிச்சக் காசையும் கடன் பட்ட காசையும் கொட்டுவது மற்றது. சூனியம் என்று மாமி சொல்வதோடு நீங்கள் வாதாடிக் களைக்க வேண்டியதில்லை. ‘அதையும் செய்தாயிற்று, டொக்டரையும் ஒருக்கால் காட்டிப் பார்ப்போம்’ என்று சொன்னால் வீட்டில் எதிர்ப்பு குறையும்.

சின்னவள் விடயத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுவதிலும் அந்த ஒரு வரியிலேயே எழுத்து நடுங்கியிருக்கிறது. அவள் அம்மம்மாவை ‘அம்மா’ என்று கூப்பிடுவது உங்களைத் தண்டிக்க அல்ல. நீங்கள் இல்லாத நான்கு வருடமும் அவளுக்கு ஒரு தாய் இருந்தாள் என்பதற்கு அது அடையாளம். அது உங்கள் அம்மா உங்களுக்குச் செய்த உபகாரம். அந்தச் சொல்லைப் பறித்து உங்களிடம் தரும்படி பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் ஒரு சிறிய காரியத்தை, தலை இழுப்பதையோ இரவில் சோறு தீத்துவதையோ, நீங்கள் மட்டுமே செய்யுங்கள். மாதங்கள் எடுக்கும். இதையும் உளவளத்துணையாளரிடம் கொண்டு போங்கள். பிள்ளைகளோடு மறுபடி சேர்வது பற்றித் தனியாகவே கதைக்க வேண்டும், அவ்வளவு ஆழமான விடயம் அது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய எத்தனையோ தாய்மார் இதே வலியோடு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று எண்ணிக்கொண்டே வருகிறார்கள்.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், குவைத் வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதி, அதைப் பேனாவால் திரும்பத் திரும்ப அழுத்தி வெட்டியிருக்கிறீர்கள். நான் அதை வெளிச்சத்தில் பிடித்து வாசிக்க முயலவில்லை. அதை நீங்கள் முதல் நாளே சொல்ல வேண்டியதில்லை, இரண்டாம் நாளும் வேண்டியதில்லை. எந்தக் கதையையும் யாரும் உங்களிடமிருந்து பிடுங்கக் கூடாது; பிடுங்கினால் அது வைத்தியம் அல்ல. சொல்ல வேண்டும் என்று எப்போதாவது தோன்றினால், பெண் உளவளத்துணையாளர்தான் வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வீட்டிலோ வெளியிலோ வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகவே பல அரச வைத்தியசாலைகளில் ‘நட்பு நிலையம்’ என்ற பிரிவு இருக்கிறது. அங்கும் போகலாம், கட்டணம் இல்லை. 1938 என்பது பெண்களுக்கான அரச உதவி இலக்கம். நடந்தது வெளிநாட்டில், பழையது, சாட்சி இல்லை என்பதற்காக உங்களை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. உங்கள் மனதுக்கு உதவி கேட்பதற்குச் சாட்சி தேவையில்லை.

கடைசியாகக் கேட்டிருந்தீர்கள், என்ன சொல்லித் தொடங்குவது என்று. வாய் வராவிட்டால் பேசவே வேண்டாம். எனக்கு எழுதியது போலவே ஒரு கொப்பித் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்: நித்திரை, நெஞ்சடிப்பு, பாதிக் குளிசை, ஆற்றங்கரை, சின்னவள். கதிரையில் உட்கார்ந்ததும் அந்தத் தாளை மேசையில் வைத்து அவர் பக்கம் தள்ளிவிடுங்கள். அவர் வாசிக்கும்வரை நீங்கள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கலாம். வெட்டிய வரி இருந்தால், அது வெட்டியபடியே இருக்கட்டும்.